இடப்பக்கப் பெரட்டு

தட்டின் இடப்பாதி காலியாக இருந்தது.

அதுதான் புஷ்பலதாவை உறுத்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று வாரமாக அவள் புருஷன் உடையப்பன் வலப்பாதிச் சோற்றைத்தான் தின்பார். இடப்பாதி அவர் கண்ணுக்கே தெரியாது. மூளையின் பின்பக்க ரத்தக்குழாய் ஒன்று மொச்சைக்கொட்டை அளவு வீங்கி வெடிக்கப் பார்த்தது. மண்டையைத் திறந்து, வீக்கத்தின் கழுத்தில் கிளிப் போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். இடப்பக்கப் பார்வை போய்விட்டது. அந்தப் பக்கம் ஆட்கள் நிற்பதுபோல் தெரியலாம், மூளையே வரைகிற படம் அது, பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இன்று வலப்பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"என்னங்க, இந்தப் பக்கத்த யாரு சாப்பிட்டா?"

"நான் இன்னும் கையே வைக்கல லா."

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல் கதவைத் தாழிட்டாள், மறுபடி போய் இழுத்துப் பார்த்தாள். அவர்கள் இப்போது குடியிருக்கும் குனோங் ராபாட்டில் மத்தியான மழை. சுண்ணாம்பு மலை மறைந்து, ஜன்னல் கம்பி வழியே ஈர வாடை வந்தது. கூடவே புளித்த ரப்பர் பால் நாற்றம். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறது, அங்கே ரப்பர் போய் இப்போது எண்ணெய்ச் செம்பனைதான் நிற்கிறது. இந்தப் பாழாய்ப்போன நாற்றம் எங்கிருந்து வருகிறது?

"பெரட்டு நடக்குது, புஷ்பா," என்றார் உடையப்பன். "கிராணி பேர் வாசிக்கிறாரு. பத்துமலை, நல்லம்மாள், சீனி... எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க."

விடியற்காலையில் தோட்டத்து எழுத்தரான கிராணி பேர் வாசித்து ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு. அவர் சொன்ன பேர்கள் கூடப் பால் வெட்டியவர்கள். மூவரும் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது.

"இப்ப என் பேரு. கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நான் வாயே தொறக்கல."

அவர் எழப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ரத்தக்கொதிப்பு ஏறக் கூடாது, ஏறினால் ஆள் தங்காது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இந்த மனுசன் அடங்கினால் போதும். அந்தக் காலத்தில் இவர் தூங்கிப்போன விடியற்காலைகளில், பேரை வெட்டிவிடக் கூடாதென்று அவள்தான் பெரட்டில் குரல் கொடுப்பாள். அதே பழக்கத்தில் இடப்பக்கச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன், ஐயா."

மழை நின்றது.

நாற்றம் போய்விட்டது. அவர் கழுத்து நரம்பும் அடங்கியது. அப்பாடா என்று அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்தார்.

"நீ எதுக்குப் புஷ்பா அங்க போயி நிக்கிற?"

கையை இறுக்கினாள். அவருக்கு உறைக்கவில்லை. தட்டை எடுத்து இடப்பக்கம் தள்ளினார்.

"சாப்பிட்டுப் போ."

இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை.

வாய் நிறையச் சோறு இருந்தது.