வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி

1936. சனிக்கிழமை காலை 8.40.

சாந்தோமில் வில்லியம் வீட்டுக்குப் பின்புறமிருந்த பட்டறையில் பீரோ திறந்து கிடந்தது. உள்ளே இருக்க வேண்டிய தாளைக் காணவில்லை.

ஒரு தாள்தானே என்று லேசாக எண்ணிவிட வேண்டாம். மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, கையில் பிடித்துத் துளைபோடும் கரண்டு மிஷின் ஒன்றைச் செய்து முடித்திருந்தான் வில்லியம். சீமைச் சரக்குக்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை. ஆனால் செய்வது ஒரு வித்தை, விற்பது வேறு வித்தை. அதற்காக ஒரே மோட்டாருக்கு மூன்று சட்டை தைத்திருந்தான். திருவல்லிக்கேணித் தச்சர்களுக்கு அலங்காரமில்லாத இரும்புக் கூடு. அதை ஓட்டிக் காட்டப் போகிறவனும் கோட்டுப் போட்ட ஆசாமியல்ல, ஒரு தச்சன். தியாகராய நகர் மோட்டார் ஷெட்டுகளுக்கு, கீழே போட்டாலும் உடையாத கனத்த கூடு. மயிலாப்பூர் வக்கீல்களுக்கு, லீவு நாளில் பொழுது போக்க, வெல்வெட் வைத்த தேக்குப் பெட்டி. யாருக்கு எந்த இடத்தில், என்றைக்கு, எத்தனை மணிக்கு ஓட்டிக் காட்டுவது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருந்தது. இன்று அது அச்சகத்துக்குப் போக வேண்டும்.

"அண்ணே, இதைப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் வெரோனிகா. அவன் தங்கை, மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. கையில், லஸ் முனையில் பசை காயாமல் கிழித்து எடுத்து வந்த நோட்டீஸ். மவுண்ட் ரோடு ஹாட்கின்ஸ் கம்பெனியார், தாங்கள் இறக்குமதி செய்த துளைக் கருவியை அடுத்த வாரம் ஓட்டிக் காட்டப் போகிறார்களாம்.

"மயிலாப்பூர் கனவான்களுக்கு, ஞாயிறு காலை எட்டரை மணி. தியாகராய நகர் மோட்டார் தொழிலாளருக்கு, திங்கள் காலை பத்து மணி. திருவல்லிக்கேணி தச்சர்களுக்கு, வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி, பெரிய பள்ளிவாசல் எதிரில்."

வில்லியம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"என் தாளேதான். பட்டறைக்கும் பீரோவுக்கும் சேத்து ரெண்டு சாவிக் கொத்து. ஒண்ணு வீட்டுக்குள்ள மாதா சுரூபத்துக்குக் கீழ இருக்கு. இன்னொண்ணு இனாயத்கிட்ட. நேத்து சாயங்காலம் அவன்தான் பட்டறையைப் பூட்டினான். போலீசுக்கு ஆள் அனுப்பிட்டேன். பதினோரு மணிக்கு வராங்க."

மூலையில் இனாயத் நின்றுகொண்டிருந்தான். தச்சர்களுக்கு மிஷினை ஓட்டிக் காட்டவிருந்தவன் இவன்தான். திருவல்லிக்கேணியில் இவன் உளி படாத கதவு குறைவு. ஒரு தரம் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறிவிட்டால், அப்புறம் எந்த வீட்டுக்காரன் இவனை உள்ளே விட்டுக் கதவு செப்பனிடச் சொல்வான்? அந்தப் பயம் அவன் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. வெரோனிகாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பதினோரு மணி வரைக்கும் எனக்கு டயம் குடுங்க, அண்ணே," என்றாள். "அந்தத் தாள் யார் யார் கைக்குப் போச்சு?"

"திங்கக்கிழமை நான் எழுதினேன். கிச்சா, உன் வீட்டுக்காரர், இனாயத். அவ்வளவுதான். அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச ஜனத்துக்கு ஏத்த மாதிரி திருத்தச் சொன்னேன்."

9.20.

குமாஸ்தா கிச்சா வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க என்ன திருத்தினீங்க?"

"மயிலாப்பூருக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணின்னு போட்டிருந்தார். ராகு காலம்னா அது? ஒருத்தர் ஆத்தை விட்டு நகர மாட்டா. கார்த்தால எட்டரைன்னு மாத்தினேன்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை மத்தியானம். அன்னிக்கே உங்க ஆத்துக்காரர் கையில கொடுத்துட்டேன். அப்புறம் அதை நான் பாக்கவேயில்லை."

9.45.

பவுல்சாமிதான் கம்பெனியின் விற்பனையாள். வில்லியத்துக்கு மச்சான், வெரோனிகாவுக்குப் புருஷன். தோல்பையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான்.

"என்னையும் விசாரிக்கிறியா?" என்று சிரித்தான்.

"எல்லாரையும் கேக்கறேன். நீங்க எதைத் திருத்தினீங்க?"

"மோட்டார் ஷெட்டுக்கு சனிக்கெழம மூணு மணின்னு எழுதி வெச்சிருந்தாரு மச்சான். ஞாயித்துக்கெழம ஊர் சுத்தறதுக்கு அத்தினி பேரும் வண்டிய சனிக்கெழமதான் கேப்பான். ஷெட்டுக்காரன் தலை நிமிர மாட்டான். திங்கக்கெழம பத்து மணின்னு போட்டேன். செவ்வாக்கெழம நம்ம வூட்லதானே எழுதினேன், நீயும்தான் பாத்தியே."

"பாத்தேன்."

"இதுல இன்னா கீது? சாவி இருந்தது அவன்கிட்ட. உட்டுட்டு வேலையப் பாரு."

10.15.

இனாயத் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பொதங்கெழம காலைல பவுல்சாமி அண்ணன் கொணாந்து குட்த்தாரு, டீச்சரம்மா. முதலாளி எதுர்லயே நின்னுக்கினு படிச்சேன். அவரு பேனாவ வாங்கி, தச்சருங்க மணிய மட்டும் மூணுன்னு மாத்தினேன். முதலாளி அத்தப் படிக்காமலே அப்பவே பீரோல வெச்சுப் பூட்டிட்டாரு."

வில்லியம் ஆமென்று தலையசைத்தான்.

வெரோனிகா நோட்டீஸை மேஜைமேல் விரித்தாள். மூன்று வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். கணக்கு எங்கேயாவது தப்பியிருக்காதா என்று இன்னொரு தரம் பார்த்தாள். தப்பவில்லை. எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மணி பதினொன்று அடிக்கும் வரை நோட்டீஸின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

11.00.

சப் இன்ஸ்பெக்டர் ஹபீபுர் ரஹ்மான் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார். எல்லாரையும் பட்டறைக்கு அழைத்திருந்தார்கள்.

"ஐயா, இந்தக் கடைசி வரியைப் படிங்க," என்று நோட்டீஸை நீட்டினாள் வெரோனிகா.

படித்தார். புருவம் உயர்ந்தது. "வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கா? ஜும்ஆ நேரமாச்சே. நானே தொழுகையிலதான் இருப்பேன். பள்ளிவாசல் வாசல்ல மிஷின் சத்தம் போட்டா அடிக்க வருவாங்க."

"கூட்டம் சேருதேன்னு எங்க அண்ணன் தெரியாம எழுதிட்டாரு. அதைத்தான் இனாயத் மூணு மணின்னு மாத்தினார். பீரோவுக்குள்ள போன தாள்ல மூணு மணி. நோட்டீஸ்ல ஒரு மணி. அப்போ இது பீரோவுலேர்ந்து போனதே இல்லை. பூட்டறதுக்கு முன்னாடியே யாரோ பாத்து எழுதிக் குடுத்தது."

"அப்படின்னா தாள் ஏன் காணாம போச்சு?" என்றான் வில்லியம்.

"சாவி வெச்சிருக்கிறவர் மேல பழி விழணும்னு. உங்க சாவி மாதா சுரூபத்துக்குக் கீழ இருக்குன்னு நம்ம குடும்பத்துக்குத்தான் தெரியும், அண்ணே. நேத்து சாயங்காலம் பட்டறையைப் பூட்டினதுக்கு அப்புறம் எல்லாரும் உங்க வீட்டு ஜெபமாலைக்கு வந்திருந்தோம்."

கிச்சா மெல்ல ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"கிச்சா திருத்தின ராகு காலம் நோட்டீஸ்ல சரியா இருக்கு," என்று தொடர்ந்தாள். "அவர் கையை விட்டுப் போனதுக்கு அப்புறம் திருத்தின திங்கக்கிழமையும் இருக்கு. இனாயத் திருத்தினது மட்டும் இல்லை. ரெண்டாவது திருத்தத்துக்கும் மூணாவதுக்கும் நடுவுல, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துலேர்ந்து புதன்கிழமை காலை வரைக்கும், அந்தத் தாள் ஒரே ஒரு வீட்டு மேஜையிலதான் இருந்தது. எங்க வீட்டு மேஜை."

பவுல்சாமியின் முகத்தில் ஈயாடவில்லை. தோல்பை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"மவுண்ட் ரோட்ல ஏஜென்ட் வேலை தரேன்னான்," என்றான் கடைசியில். "தனி ரூம், வாசல்ல என் பேரு போட்ட போர்டு. உங்கண்ணன் பையத் தூக்கிக்கினு எத்தினி நாளு அலையறது? நீ என் பொண்டாட்டியா, அவன் தங்கச்சியா?"

"பையைத் தூக்கப் பிடிக்கலைன்னா வேலையை விட்டிருக்கலாம். இந்த மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்களே." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அடக்கவில்லை; அழுதுகொண்டேதான் நின்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் வில்லியத்தைப் பார்த்தார். "புகார் உங்களுது. என்ன செய்யறது?"

வில்லியம் தங்கையைப் பார்த்தான். இது வெளியே போனால் அவள் குடும்பம் என்னாகும் என்று அவனுக்குத் தெரியும். "வேணாம்மா," என்றான். "தாள் போனா போகட்டும். புகாரை வாபஸ் வாங்கிடறேன்."

"வாபஸ் வாங்கினா, ஊரு இனாயத்தைத்தான் திருடன்னு சொல்லும், அண்ணே."

இனாயத் தலையைக் குனிந்துகொண்டான்.

ரஹ்மான் ஏற்கனவே எழுதியிருந்த இனாயத்தின் பெயரை அடித்தார். "யார் பேரை எழுதணும்? வாயால சொல்லுங்கம்மா."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கோயில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, 'அவர்' என்றும் 'எங்க வீட்டுக்காரர்' என்றும்தான் அவள் சொல்லி வந்திருக்கிறாள். கட்டினவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவர்கள் வீடுகளிலும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அதே பெயருள்ள ஒரு பையனைக்கூட, வருகை எடுக்கும்போது 'மூணாம் நம்பர்' என்றுதான் கூப்பிடுவாள்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பவுல்சாமி," என்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.