ஒன்பது நோயாளிகள், ஒரே சுண்டுவிரல்

செத்துப்போனவள் கதவைத் திறந்தாள்.

சிவசங்கரி ஒரு எட்டு பின்வாங்கினாள்.

"யாரு வேணும்?"

வண்டன்மேடு. ஏலத்தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம். கதவைப் பிடித்திருந்த இடது கையைத்தான் சிவசங்கரி முதலில் பார்த்தாள். விரல்களில் ஏலக்காய்க் கறை. சுண்டுவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

அதே நகம்...

"அன்னமேரி நீங்கதானா?"

"ஆமா. நீங்க பஞ்சாயத்தா?"

"இல்லக்கா. உங்களுக்கு வைரஸ் காய்ச்சல் வந்து கால் விழுந்துச்சில்ல... அதைக் கேக்க வந்தேன்."

"அது வந்து வருசக்கணக்காச்சு. இப்பக் கம்பு ஊனி நடக்கேன். உள்ள வாங்க. கட்டஞ்சாயா குடிக்கிறீகளா?"

சிவசங்கரியின் வேலை எண்ணுவது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் நரம்புக் கோளாறுகளைப் பற்றி எந்த வருடம், எந்த ஊரிலிருந்து, எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன என்று எண்ணுவது. நோயாளியைப் பார்ப்பதே இல்லை. கட்டுரையை மட்டும்தான்.

உலகம் முழுக்க அந்தக் கட்டுரைகள் குறைந்துகொண்டிருந்தன. இந்த மலைப்பக்கத்தில் மட்டும் ஏறின.

தப்பாக எண்ணிவிட்டோமோ என்று பயந்து மறுபடி எண்ணினாள். தப்பில்லை. எல்லாம் ஒரே டாக்டர் எழுதியவை. ராஜசேகர். ஒன்பது கட்டுரைகள். ஒன்பது நோயாளிகள். வேறு வேறு வயது, வேறு வேறு ஊர்.

ஒன்பது படங்களிலும் அதே பிளந்த நகம்!

ஒன்பதாவது நோயாளி இறந்துவிட்டதாக எழுதியிருந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில் சிலுவை வைத்த ஒரு நீலக் குருசடி தெரிந்தது. எப்போதோ பஸ் ஜன்னலில் பார்த்தது. அதை அடையாளம் வைத்து வந்து, காய்ச்சலில் கால் விழுந்தவள் பெயரை அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் இந்தக் கதவைத் தட்டியிருந்தாள்.

"ராஜசேகர் டாக்டர்தானே உங்களுக்கு வைத்தியம் பாத்தாரு?"

"தங்கமான மனுசன். நேத்துக்கூட போன் பண்ணுனாரு. நாளைக்குக் காலையில வண்டி அனுப்புறாராம். பெரிய ஆஸ்பத்திரில வச்சுப் பாக்கணுமாம். யார்ட்டயும் சொல்லாம வான்னாரு."

சிவசங்கரி குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த வண்டில ஏறாதீங்கக்கா."

"ஏன்?"

"அவரு எழுதினபடி நீங்க செத்துட்டீங்க. உயிரோட இருந்தா அவருக்கு ஆபத்து."

அன்னமேரி சாயாவை நிதானமாக ஆற்றினாள்.

"அதான் ரேசன் கடையில என் ரேகை விழ மாட்டேங்குதா..."

தன் நம்பரையும் சித்திரபுரம் விலாசத்தையும் சொல்லிவிட்டு சிவசங்கரி பஸ் ஏறினாள். ஏறியதும் கூட வேலை பார்க்கும் இந்துவைப் போனில் கூப்பிட்டாள்.

ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து முடிவு போட வேண்டும். அதுதான் இந்த வேலையின் முறை. முடிவுகள் ஒத்துப்போனால் ஃபைல் அங்கேயே மூடப்படும். முரண்பட்டால் தானாகவே மூன்றாவது ஆளிடம் போகும். அவர் யார் என்று இருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. இதுவரை ஒரு முடிவில்கூட அவர்கள் முரண்பட்டதில்லை.

இந்து இருப்பது தூரத்து வடகரப்பதியில். நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பகல் முழுக்க இருவரும் கம்ப்யூட்டரில் லைனைத் திறந்தே வைத்திருப்பார்கள். பேசுவது குறைவு. அங்கே குக்கர் விசிலடித்தால் இங்கே கேட்கும். இங்கே பெய்கிற மழை அங்கே கேட்கும்.

சிவசங்கரிக்கு வீடு என்றால் அந்தச் சத்தம்தான்.

"இந்து... அவங்க உயிரோட இருக்காங்க."



"நெசமாலுமா? ஏனுங்க்கா, வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"முந்தாநாள் சந்தேகம்னு சொன்னதும் உன்கிட்ட மட்டும்தான். இப்பவும் உன்கிட்ட மட்டும்தான்."

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. நேரா ஊட்டுக்குப் போங்க. போலீசெல்லாம் நாளைக்கு வெடியால பாத்துக்கலாங்க."

"என் முடிவை 'ஒரே ஆள்'னு போட்டுட்டேன். வண்டன்மேட்டுக்குப் போறதையும் குறிப்புல எழுதிட்டேன். நீ போட்டுட்டியா?"

"போட்டுட்டனுங்க்கா."

என்ன போட்டாய் என்று சிவசங்கரி கேட்கவில்லை. எப்போதும் கேட்டதில்லை.

சித்திரபுரத்தில் இறங்கியபோது மாலை மங்கி, தூறலோடு பனி கீழே வந்திருந்தது. மின்வாரியக் குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அதை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது.

அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

இந்து லைனில் இல்லை.

வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கதவு தட்டப்பட்டது. திறந்தாள்.

"சிவசங்கரிதானே? நான் ராஜசேகர்."

அழைக்காமலே உள்ளே வந்து, கதவைச் சாத்தினார். மலர்ந்த முகம். கையில் சின்னத் தோல்பை.

"சாப்பாட்டு நேரமா? தனியா சாப்பிடப் பிடிக்காம கம்ப்யூட்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சாப்பிடுவியாமே."

அது ஒரே ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்...

"இந்து..."

"நல்ல பொண்ணு. என் ஆஸ்பத்திரில வேலை கேட்டா. சம்பளம்கூடப் பேசல. மனுஷங்க நடுவுல உக்காந்து வேலை பாக்கணுமாம். அவ்வளவுதான்."

சிவசங்கரிக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆசை அவளுக்கும் புரிந்தது. அதுதான் வலித்தது.

டாக்டர் பையைத் திறந்தார். சிரிஞ்ச்.

"தனியா இருக்கிற பொண்ணு. திடீர்னு மயக்கம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் யாராவது கதவைத் தட்டுவாங்க. அன்னமேரி காலைல என் வண்டில வந்துடுவா. உன் முடிவு மட்டும் ஒத்தையா நிக்கும். இந்து 'வேற வேற ஆள்'னு போட்டுட்டா."

சிவசங்கரி நிமிர்ந்தாள்.

"என்ன போட்டா?"

"'வேற வேற ஆள்'னு. எனக்காக."

அவள் சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?"

"எங்க வேலையோட முறை உங்களுக்குத் தெரியல டாக்டர். அவளும் 'ஒரே ஆள்'னு போட்டிருந்தா ஃபைல் எங்க ரெண்டு பேரோட மூடியிருக்கும். உங்களைக் காப்பாத்தணும்னு மாத்திப் போட்டா பாருங்க..."

அவர் அவள் கையைப் பிடித்து முறுக்கினார். ஊசி நெருங்கியது...

படாரென்று கதவு திறந்தது!

இரண்டு போலீஸ்காரர்கள் பாய்ந்தார்கள். சிரிஞ்ச் தரையில் உருண்டது. அவர்களுக்குப் பின்னால், நனைந்த குடையை மடக்கியபடி நரைத்த மனிதர் ஒருவர் நின்றார்.

"நான் சுவக்கீன். நரம்பு டாக்டர். உங்க மூணாவது ஆள்."

சிவசங்கரி முறுக்குப்பட்ட கையைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"குறிப்பைப் படிச்சதும் வண்டன்மேட்டுக்குப் போனேன். இந்த ஆளு மறுபடி போன் போட்டு உங்களைப் பத்தி விசாரிச்சாருன்னு அன்னமேரி சொன்னாக. அப்புறம் நிக்கல. நேரா ஸ்டேஷன், அங்கருந்து இங்க." அவர் மூச்சு வாங்கினார். "வேலைக்குச் சேந்ததுலருந்து ஒரு ஃபைல்கூட எனக்கு வரலம்மா. நீங்க ரெண்டு பேரும் இருந்த ஒத்துமையைப் பாத்து, என்னைய வேலையை விட்டே அனுப்பிருவாகன்னு நெனச்சேன்."

ராஜசேகரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

குக்கர் விசிலடித்தது. சிவசங்கரி பழக்கத்தில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் கேட்பதற்கு யாரும் இல்லை.

போன் அடித்தது. அன்னமேரி.

"அந்த டாக்டரு கணக்குல செத்துட்டேன். உங்க கணக்குல இருக்கேன். மூணாவது ஆளு என்ன சொல்றாரு? சட்டுனு கேட்டுச் சொல்லுங்க... அரிசி களையணும்!"