கோல் மேல் நான்கு கைகள்

மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. அடுத்தது கலப்புத் தொடரோட்ட இறுதிப் போட்டி! பட்டாணி நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். ஆள் சிறுசு, வாய் பெருசு. அவள்தான் முதலில் ஓட வேண்டும். அடுத்து இரட்டையரான அண்ணன் தம்பி. கடைசியில், பள்ளிக்குப் புதிதாக வந்த மின்னல்.

"எல்லாரும் கோல் மேல கை வைங்க. பிரார்த்தனை!" என்று தொடரோட்டக் கோலை நீட்டினார் விளையாட்டு சார்.

ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் அவர் தன் வீட்டுப் பிரார்த்தனையைச் சொல்வார். பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மின்னல் கை வைத்தாள். மற்ற மூவரும் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள். அவள் மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஏம்மா, உன் சத்தத்தையே காணோம்?"

"எங்க வீட்டுல வேற மாதிரி வேண்டுவோம் சார். நான் மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்."

சாரின் முகம் மாறியது. "அணின்னா எல்லாரும் ஒண்ணா இருக்கணும். சொல்லலைன்னா நீ ஓட வேண்டாம். தண்ணி கேன் தூக்குற தம்பி ஓடட்டும்."

தம்பி கேனைத் தொப்பென்று கீழே போட்டான். "நானா? எனக்கு நடந்தாலே மூச்சு வாங்கும் சார்!"

மின்னலின் கண்கள் கலங்கின. பட்டாணிக்குப் பொறுக்கவில்லை.

"அப்போ நானும் ஓடக் கூடாது சார்."

"நீதான் சத்தமாச் சொன்னியே?"

"வாய்தான் சார் சொல்லுச்சு! மனசு, 'எப்போ விசில் அடிப்பாங்க'ன்னு குதிச்சுக்கிட்டே இருந்துச்சு. சாமி ஞாபகமே வரல."

இரட்டையரில் மூத்தவன் தலையைச் சொறிந்தான். "எனக்குக் கால் அரிப்புதான் சார் ஞாபகம்."

"எனக்கும் இவன் கால் அரிப்புதான் ஞாபகம்" என்றான் இளையவன்.

"பாத்தீங்களா சார்? மனசார வேண்டினது இவ ஒருத்திதான். இவளைப் போய் நிறுத்துறீங்களே!" என்றாள் பட்டாணி.

சார் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. சிரித்து முடித்ததும் மின்னலின் அருகே வந்தார்.

"தப்பு என்னுதும்மா. இது எல்லாருக்கும் பொதுவான பள்ளிக்கூடம். இப்படித்தான் வேண்டணும்னு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. தெரிஞ்சும் மறந்துட்டேன். போ, உன் இடத்துக்கு ஓடு!"

விசில் ஒலித்தது!

பட்டாணி விழுந்தடித்து ஓடினாள். கோல் மூத்தவன் கைக்குப் போனது. அவனிடமிருந்து இளையவனுக்கு! ஐயோ, அவன் தடுமாறிவிட்டான்! மின்னல் கோலை வாங்கியபோது அவளுக்கு முன்னால் மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"விடாதே மின்னல், விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள் பட்டாணி.

ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியையும் தாண்டினாள். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாமவளும் பின்னால் போனாள். மின்னல்தான் முதல்!

ஓடுதளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் குதித்து முதல் ஆளாக ஓடி வந்தவர் சார்தான். அவருக்கும் மூச்சு இரைத்தது.

"அடேயப்பா! அப்படி என்னம்மா வேண்டிக்கிட்டே?"

மின்னல் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வேண்டாம், வேண்டாம்! அது உன் விஷயம். நீ முதல்ல தண்ணி குடி!"