சிட்டு தட்டிய தாளம்

நேற்று தொண்ணூற்றாறு காட்டிய வேகம் இன்று தொண்ணூற்றொன்று காட்டியது.

"சனியன், இதுக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கம்ப்யூட்டரைத் திட்டினாள் அவள். பதிந்த இசை பதிந்ததுதானே. ராத்திரி தூங்கி எழுந்து மெதுவாகிவிடுமா என்ன?

வீட்டிலிருந்தே செய்கிற வேலை. பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு வேகம், சுருதி, மனநிலை என்று மூன்று சங்கதிகளைப் பதிந்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இது எந்தக் காலத்திலோ ஒரு பெரிய வாத்தியக் குழு ஆட்டத்துக்காக வாசித்த வால்ட்ஸ், மூன்று தட்டு மேல்நாட்டு இசை. மேலே வயலின்கள் கூட்டமாக எழும்பிச் சுழல, அடியில் ஏதோ ஒரு கனத்த வாத்தியம் ஒண்ணு-ரெண்டு-மூணு, ஒண்ணு-ரெண்டு-மூணு என்று விடாமல் இடித்துக்கொண்டே போகும். நேற்று இதைக் கேட்டபோது அவளுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. மடியில் இருந்த மகளிடம், "நீ தட்டுடி செல்லம்" என்று விட்டுவிட்டாள். சிட்டுவின் குட்டி விரல் பட்டனில் தட்டியதுதான் வேகமாகப் பதிந்தது. சிட்டு கூடவே முனகிய சுரத்தையே சுருதி என்று போட்டாள். மனநிலைக்கு என்ன போடுவது? குனிந்து பார்த்தாள். பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. 'உற்சாகம்' என்று போட்டு மூடினாள். கடைசிவரை கேட்கக்கூட இல்லை.

இன்று சரிபார்க்க மறுபடி ஓடவிட்டாள். வெளியே மழை வெளுத்து வாங்கியது. சாயங்காலமே அறை இருட்டி, ஈரச் சுண்ணாம்பின் வாடை சுவரிலிருந்து கிளம்பியது. ஹெட்ஃபோனுக்குள் வயலின்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சுருதி அரைச் சுரம் இறங்கியிருந்தது. எண்பத்தாறு. அவள் பார்க்கப் பார்க்கவே எண்பத்திரண்டு.

"அம்மா... த... ண்... ணி..."

ஹாலிலிருந்து வந்த குரல் ஒரு ஆம்பிளையுடையது போலத் தடித்திருந்தது. கீச்சுக் குரலால்தான் அந்தப் பிள்ளைக்குச் சிட்டு என்றே பேர் வந்தது. அவள் பதறி எழுந்தாள். ஹெட்ஃபோன் ஒயர் பிடுங்கிக்கொண்டது; கம்ப்யூட்டர் வாய்விட்டுப் பாட ஆரம்பித்தது.

சோபாவில் சிட்டு கிடந்தாள். கண் இமை இறங்கி, நின்று, யோசித்து ஏறியது. அவள் மகளின் நெஞ்சில் கை வைத்தாள். உள்ளே துடிப்பு. ஒண்ணு. ரெண்டு. மூணு. அறையிலிருந்து வந்த அந்தக் கனத்த இடியோடு இம்மி பிசகவில்லை.

ஓடிப்போய் இசையை நிறுத்தினாள். திரும்பி வந்து நெஞ்சைத் தொட்டாள். ஒன்றுமில்லை. மூக்கில் காற்றும் இல்லை. "ஐயோ, என் கண்ணே!" விழுந்தடித்து ஓடி மறுபடி ஓடவிட்டாள். துடிப்பு வந்தது. முன்னைவிட மெதுவாக.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். "வழியெல்லாம் தண்ணிம்மா, வந்துட்டே இருக்கோம்" என்றார்கள். பிள்ளையின் அப்பா கடல் நடுவில் கப்பலில். யாரைக் கூப்பிடுவாள்? அறுபத்தெட்டு. அறுபது. கடைசியில் ஆபீஸ் சவுண்ட் இன்ஜினியரைக் கூப்பிட்டாள். தாடிக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"சார், அந்த வால்ட்ஸ், வேகம் குறைஞ்சுக்கிட்டே போகுது சார்..."

"அட, இதுக்கா அழறீங்க?" அவர் சிரித்தார். "மூணு தட்டுப் பாட்டுன்னா மெஷின் பாதிதான் காட்டும், எல்லாரும் ஏமாறுற இடம்தான். ரெட்டிப்பாக்கிடுங்க, சரியாயிடும்."

"நிச்சயமா சரியாயிடுமா சார்?"

"கண்ணை மூடிட்டுப் போடுங்கம்மா."

வேறு வழி? போட்டாள்.

வயலின்கள் துள்ளி எழுந்தன. சோபாவிலிருந்து சிட்டுவும் எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் ரத்தம் ஓடியது. அவள் மகளை வாரி அணைத்து வாய்விட்டு அழுதாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சிட்டு அவள் பிடியை விலக்கி இறங்கினாள். ஆட ஆரம்பித்தாள்.

ஒண்ணு-ரெண்டு-மூணு. கால் தரையில் பாவவில்லை. பல்லெல்லாம் தெரிந்தது. நேற்று மடியில் பார்த்த அதே சிரிப்பு.

"போதும்டி தங்கம், விழுந்துடுவே."

"ம்ம்ம்ம்" என்றது பிள்ளை. ஊசி போல் மெலிந்த குரல். சுருதி ஏறியிருந்தது.

பழைய வேகத்தைத் திரும்பப் போட்டாள். ஏற்கவில்லை. தானே தட்டிப் பார்த்தாள். ஏற்கவில்லை. 'உற்சாக'த்தை அழித்தாள். மறுநொடி அது அங்கேயே இருந்தது. மகளைத் தூக்கிவந்து அந்த விரலைப் பிடித்துப் பட்டனில் வைத்தாள். விரல் அதே வேகத்தில்தான் தட்டியது. இடுப்பில் இருந்தபடியே கால் ஆடியது.

மகளை இறக்கிவிட்டுச் சன்னல் ஓரம் நின்று வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். மழை மட்டும்.

பின்னால் தரையில் சத்தம் மாறியிருந்தது. சதக். சதக். சதக். திரும்பினாள். வெள்ளைத் தரையில் வட்ட வட்டமாகச் சிவப்புக் கால் தடம்.

அப்போதுதான் இசை முடியப்போவது கேட்டது. எல்லா வாத்தியமும் ஒன்றாக ஏறி, ஒரே அடி.

அமைதி.

சிட்டு மடங்கி விழுந்தாள். அவள் ஓடி வந்து மேசையோரம் உட்கார்ந்து மகளை மடியில் ஏந்தினாள். சிரிப்பு கழன்றிருந்தது. அவள் கை அந்த நெஞ்சின் மேல்தான் இருந்தது. துடிப்பு இல்லை. ஆனால் உதடு அசைந்தது. சொந்தக் குரல். கீச்சுக் குரல்.

"கால் வலிக்குதும்மா. நிறுத்திடும்மா."

"சரிடி கண்ணு." அவள் மகளின் நெற்றியில் முத்தமிட்டாள். நெற்றி சில்லென்று இருந்தது. "நிறுத்திடறேன். இதோ, அம்மா நிறுத்திடறேன்."

சொல்லிக்கொண்டே கையை மேசைக்கு நீட்டி, முதலிலிருந்து ஓடவிட்டாள்.

வயலின்கள் எழும்பின. மடியில் கிடந்த முகத்தில் பல் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.