கழுத்துக்கு மேலே

ஜீவிதா, சிட்டிபாபுவின் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று நல்ல மழை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் கடையாக்கி வைத்திருந்தார் மனுஷன். முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், பின்னறையில் பிளெக்ஸ் மெஷின். நடுவில் இருந்த முற்றத்தைத் தகரம் போட்டு மூடிவிட்டதால், பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிந்தால்தான் எதிரில் இருப்பவர் முகம் தெரியும். உள்ளே நுழைந்ததும் இங்க் வாடை, ஈரச்சுவர் வாடை. அவற்றுக்கு அடியில் வாடிய மல்லிகையின் வாடை ஒன்றும் மெல்ல வந்தது. பூ எங்கே என்று சுற்றிப் பார்த்தாள். எங்கும் இல்லை. அடுத்த வீட்டிலிருந்து வருகிறது போலும் என்று விட்டுவிட்டாள்.

சென்னையில் ஜவுளிக்கடைகளுக்குக் கேட்டலாக் செய்து தரும் கம்பெனியில் இருந்தவள் அவள். மாடலின் தலைமுடியை இழை இழையாகப் படத்திலிருந்து பிரித்தெடுப்பதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள். அந்த வேலையை உதறிவிட்டு ஊருக்கு வரக் காரணம் அக்கா பொன்னி. இரண்டு தடவை கலைந்து, ஊரார் கேட்டுக் கேட்டு ஓய்ந்தபிறகு, பொன்னியின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. அம்மா போனபின் ஜீவிதாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவள் பொன்னிதான். அந்த அக்காவுக்கு ஒன்று என்றால் ஜீவிதாவுக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு ஓரிக்கையில் இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவிடலாம்.

சிட்டிபாபு கடையின் பிழைப்பு முக்கால்வாசி மேலே போனவர்களை நம்பித்தான் நடந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பதினாறாம் நாள் அட்டை, சுவரில் மாட்டப் பிரேம் போட்ட படம். உயிரோடு இருக்கும்போது நம்மாட்கள் உருப்படியாக ஒரு போட்டோ எடுத்து வைப்பதில்லை. ஆதார் அட்டையைக் கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால், யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில் வாயில் சோற்றோடு உட்கார்ந்திருக்கும் படத்தைக் கொண்டுவந்து, "இத்த கொஞ்சம் நல்லா பண்ணிக் குடும்மா" என்பார்கள். அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி, தயாராக இருக்கும் ஓர் உடம்பின்மேல் ஒட்டவேண்டும். அந்த உடம்புக்குக் கடையில் பெயர் 'பாடி'.

ஆண்களுக்கு ஒரு பாடி: வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பெண்களுக்கு ஒரு பாடி: அரக்குப் பட்டுச்சேலை, பச்சைக் கரை, நாற்காலியில் நேராக உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்திருக்கும். கழுத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேலே வெறும் கட்டம் கட்டமான பின்னணி. சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுச் சுவரில் மாலையும் பொட்டுமாகத் தொங்குவது அதே அரக்குச் சேலைதான். கழுத்துக்கு மேலேதான் ஆள் வேறு.

கல்யாணம், காதுகுத்து என்று வரும் உயிருள்ளவர்களுக்கு வேறு பாடிகள் தனி ஃபோல்டரில் இருந்தன. அரக்குச் சேலையை அவர்களுக்குப் போடக்கூடாது என்று ஜீவிதாவுக்கு யாரும் சொல்லவில்லை. எவளாவது போடுவாள் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

பொன்னிக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். தாய்வீட்டுச் சார்பில் செய்ய ஜீவிதாவைத் தவிர ஆள் இல்லை. தன் கையால் ஒரு பேனர் அடித்து அக்கா வீட்டு வாசலில் கட்டவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பொன்னி அனுப்பிய போட்டோவில் முகம் அப்படிப் பூரித்துக் கிடந்தது. ஆனால் போட்டிருந்ததோ நைட்டி. ஜீவிதா ஒவ்வொரு பாடியாக வைத்துப் பார்த்தாள். ஒன்றில் கழுத்து குட்டை, ஒன்றில் வெளிச்சம் தப்பு. அரக்குச் சேலையை வைத்ததும் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தியது. கண்ணீர் அஞ்சலிக்கு எடுப்பதாச்சே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. படம்தானே, படத்தில் என்ன இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவசரத்தில் இடது காதுக்குக் கீழே வெட்டுக்கோடு கொஞ்சம் பிசகி, கழுத்துச் சதையில் சின்னதாக ஒரு கொக்கி விழுந்தது. பேனரில் அது யாருக்குத் தெரியப்போகிறது!

பிளெக்ஸ் மெஷின் ஓட்டும் ஜெபகுமார் அச்சாகி வந்த பேனரை உதறி விரித்தான்.

"சூப்பரா கீதும்மா. கைய வயித்து மேல வெச்ச மாதிரி பண்ணிக்கீற பாரு, அதான் டச்சு."

"கையா? கை மடிலதானே இருக்குது?"

ஜீவிதா எட்டிப் பார்த்தாள். படத்தில் இரண்டு கையும் வயிற்றின்மேல் இருந்தன. பிள்ளையைத் தடவிப் பார்ப்பதுபோல விரல்கள் விரிந்திருந்தன. நாம்தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஜெபகுமார் அன்று சாயங்காலமே கொண்டுபோய் வாசலில் கட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் பொன்னி போன் செய்தாள்.

"ஜீவி, கழுத்துல இன்னாவோ எரியுதுடி. கண்ணாடில பாத்தா நகத்தால கீறின மாதிரி ஒரு கோடு. கழுத்தச் சுத்தி இருக்குது."

"தாலிக்கொடி உரசியிருக்கும்கா."

"தாலிக்கொடி காது கிட்ட எப்பிடிடி போவும்? இடது காதுக்குக் கீழ கொக்கி மாதிரி வளைஞ்சிருக்குது."

ஜீவிதா போனை வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தாள்.

கைகள் வயிற்றில் இல்லை.

நெஞ்சுக்கு வந்திருந்தன.

மல்லிகை வாடை இப்போது மானிட்டருக்குப் பக்கத்திலிருந்தே வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒரு கை கழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருப்பதை அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை கண் சிமிட்டித் திறக்கும்போதும் அது கொஞ்சம் மேலே இருந்தது.

திருப்பதிக்குப் போயிருந்த சிட்டிபாபு அப்போதுதான் மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாக வந்து இறங்கினார். ஸ்கிரீனைப் பார்த்தவர் பையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"இது யாரும்மா?"

"எங்க அக்காண்ணா. பொன்னி."

"எப்ப தவறிப்போச்சு?"

"ஐயோ, வாய வெக்காதீங்க! உயிரோட இருக்குது. வளைகாப்பு."

சிட்டிபாபு நாற்காலியில் உட்கார்ந்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் குரலை உயர்த்தாமலேதான் பேசினார்.

"இத்தினி வருசத்துல உசுரோட இருக்கறவங்க மூஞ்சிய அதும்மேல நாங்க வெச்சதேயில்ல."

"யாருண்ணா இது? இந்த பாடி யாரோடது?"

"ஒரு அம்மா. கடை ஆரம்பிச்ச புதுசுல, இருந்த ஒரே போட்டோவ எடுத்துக்கினு வந்துது, பெருசு பண்ணிக் குடுன்னு. உக்காந்த லட்சணம் நல்லா இருந்துது. தலையத் தட்டிட்டு பாடிய சேவ் பண்ணிக்கினேன். தொழில்ல எல்லாரும் பண்றதுதாம்மா. அந்த போட்டோ மழைல ஊறிப் போயிட்டுது. அத்த வாங்க அந்தம்மா வர்றதுக்குள்ள ஆளும் போயிட்டுது."

"அப்புறம்?"

"அது வூட்டுக்காரர் வந்தாரு. சாமி கும்பிட ஒரு மூஞ்சி வேணும், வேற படமே இல்லன்னு. என் கைல இருந்தது கழுத்துக்குக் கீழதான். வேற யாரோ ஒரு பொம்பள மூஞ்சிய வெச்சிக் குடுத்தேன். பாவம், பார்வை மங்கல். அழுதுக்கினே வாங்கிக்கினு போனாரு."

"அந்தம்மா பேரு இன்னா?"

"கேட்டுக்கலம்மா," என்றார் சிட்டிபாபு.

பதினாறாம் நாள் படையலை வேறொருத்தி முகத்துக்கு வைத்துவிட்டு, அந்தம்மாவை முகமில்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். ஜீவிதாவுக்குச் சிட்டிபாபுமேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் சண்டை போட அது நேரமில்லை. ஜெபகுமாரை ஓரிக்கைக்கு விரட்டி, பேனரை அவிழ்த்துக் கொளுத்தச் சொன்னாள். பொன்னியின் முகத்தைப் பாடியிலிருந்து அழித்தாள். சேவ் செய்தாள். மூடித் திறந்தாள்.

பொன்னியின் முகம் அங்கேயே இருந்தது.

கைகள் இரண்டும் அந்த முகத்தின் தாடையைப் பிடித்திருந்தன. கோணலாக வைத்த கிரீடத்தை நேராக்குவதுபோல, இறுக்கமாக.

ஃபைலையே டெலீட் செய்தாள். ஃபோல்டரில் அது திரும்ப வந்து நின்றது. இறந்துபோன ஒரு கிழவியின் முகத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். திறக்கும்போது மறுபடி பொன்னி.

"செத்த மூஞ்சி அதுக்கு எதுக்கு?" என்றார் சிட்டிபாபு மெதுவாக. "அதான் அதுகிட்ட ஊருப்பட்டது இருக்குதே."

போன் அடித்தது. பொன்னியின் குரல் அவள் குரலாகவே இல்லை.

"ஜீவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வந்துட்டாங்கடி. காலைலேர்ந்து புள்ள அசையவேயில்ல. டாக்டரம்மா மிஷின வெச்சு வெச்சுப் பாக்கறாங்க, துடிப்பு கெடைக்கலங்கறாங்க. எனக்கு பயமா இருக்குதுடி. கூட வந்த மாமியாரே என்னப் பாத்து 'நீ யாரும்மா'ன்னு கேக்குது."

"அக்கா, ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கறேன். நீ போன வை."

சொல்லிவிட்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. திரையில் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயிருள்ள முகம் ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிடு என்றால் யார் விடுவார்கள்? பதிலுக்கு இன்னொன்று வேண்டும்.

ஜீவிதா எழுந்து டியூப்லைட்டுக்குக் கீழே நின்றாள். போனை நீட்டிப் பிடித்துத் தன்னையே ஒரு படம் எடுத்தாள்.

"வாணாம்மா," என்றார் சிட்டிபாபு. எழுந்து தடுக்கவில்லை.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. சென்னையில் கற்ற வித்தை முழுவதையும் காட்டினாள். காதோரத்து முடியை இழை இழையாக எடுத்தாள். கழுத்துக்கோட்டை மயிரிழை பிசகாமல் வெட்டினாள். வெட்ட வெட்டத் தன் கழுத்தில் சில்லென்று ஒன்று சுற்றி வந்தது. மௌஸை விடவில்லை. நிறத்தைச் சேர்த்தாள், நிழலைச் சேர்த்தாள். அரக்குச் சேலையின்மேல் தன் முகத்தை வைத்து சேவ் செய்தாள்.

மூடித் திறந்தாள்.

பொன்னி இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தது ஜீவிதா. கைகள் தாடையை விட்டு இறங்கி, சாதுவாக மடியில் கிடந்தன. மல்லிகை வாடை சட்டென்று நின்றது. எத்தனையோ நாளாக அந்தக் கடையில் இருந்த வாடை அது. அது இல்லாமல் அறையே வெறிச்சென்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பொன்னி அழைத்தாள். அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கினாள்.

"உதைக்குதுடி ஜீவி! நல்லா உதைக்குது! துடிப்பு கிண்ணுனு இருக்குதாம். நானும் கேட்டேன். கழுத்துல கோடும் மறைஞ்சிட்டுது."

ஜீவிதா மேஜையில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள். அந்தப் பக்கம் யாரோ டாக்டர் கூப்பிட, "அப்பறம் பேசறேன்" என்று பொன்னி வைத்துவிட்டாள். சிட்டிபாபு லட்டுப் பையை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படலாம் என்று ஜீவிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆட்டோவைக் கூப்பிடப் போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். முகத்தைப் பார்த்ததும் திறந்துகொள்ளும் போன் அது.

முகம் பொருந்தவில்லை என்றது.

அழுது வீங்கியிருக்கிறது, அதனால்தான். தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பிடித்தாள்.

பொருந்தவில்லை.

முடியை ஒதுக்கிக்கொண்டு, வெளிச்சத்தில் நின்று பிடித்தாள். பொருந்தவில்லை. அலுத்துப்போய்ப் போனைக் கீபோர்டில் சாய்த்து வைத்தாள். அதன் கேமரா மானிட்டரைப் பார்த்து இருந்தது.

டக்.

பூட்டு திறந்த சத்தம்.

அவள் தொடவில்லை. மணி போகும் சத்தம் கேட்டது. வீடியோ காலில் பொன்னி எடுத்துவிட்டாள்.

"ஏ ஜீவி! பட்டுச்சேலையெல்லாம் எப்பக் கட்டின? லட்சணமா கீற போ. வளைகாப்புக்கு இதையே கட்டிக்கினு வா."

மானிட்டரில் ஜீவிதாவின் முகம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தது.

"இன்னாது? புள்ளைய மொதல்ல உன் கைலதான் குடுக்கணுமா?" பொன்னி சிரித்தாள். "உனக்குக் குடுக்காம வேற யாருக்குடி குடுக்கப்போறேன்?"

"அக்கா! அது நான் இல்ல! போன வை! வச்சிடு அக்கா!" ஜீவிதா தொண்டை கிழியக் கத்தினாள்.

அந்தப் பக்கம் பொன்னியின் சிரிப்பு நின்றது. ஒரு கணம் உற்றுக் கேட்டாள்.

"ஜீவி," என்றாள், "உன் பின்னால யாருடி அது, யாரோ ஒரு பொம்பள கத்திக்கினு இருக்குது?"