மூலையில்லாத அறை

கண்ணாடியின் மேல் மூச்சு படிந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளையாக. புருஷோத்தமன் கைக்குட்டையால் துடைத்தான், போகவில்லை. மறுபக்கம் போய்த் துடைத்தான்; அங்கும் போகவில்லை. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சுருங்கி மறைந்தது. பிறகு அகலமானது. சுருங்கியது. அகலமானது.

சுஃப்ரேன் வீதியில் பூட்டிக் கிடந்த பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை ஒரு கம்பெனிக்கு அலுவலகமாக மாற்றிக் கொடுக்கும் வேலை அது. திட்டம் முழுக்க அவன் மனைவி ஜொசியான் வரைந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின், பழைய சிப்பாயின், மகள் அவள். இருவருமாகத்தான் அலுவலகங்களுக்கு உள்ளலங்காரம் செய்யும் தொழிலை நடத்தினார்கள். கூடத்தையும் கூட்ட அறையையும் பிரிக்க நேர்ச்சுவர் போதும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னபோது, அரைவட்டமாய் வளைந்த கண்ணாடித் தடுப்புதான் வேண்டும் என்று சண்டை போட்டு ஒப்புதல் வாங்கியவள் அவள்தான். "மூலை இருந்தா மனுஷங்க மூலைக்கு ஒதுங்கிடுவாங்க புருஷ். மூலையே இல்லாத ரூம்ல யாரும் தனியா இருக்க முடியாது."

சென்னையிலிருந்து கண்ணாடி வந்து இறங்கியபோது அவள் இல்லை. கணையத்தில் புற்றுநோய். கடைசி நாட்களில் அவள் பட்டது வலி என்ற சொல்லுக்குள் அடங்காது. கட்டில் கம்பியைக் கடித்தாள். அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தி, குரல் போய், பிறகு குரலில்லாமல் கத்தினாள். எல்லாம் முடிந்ததும் டாக்டர் அவன் தோளில் கைவைத்து, "இனிமே அவங்களுக்கு வலி இல்ல" என்றார். கல்லறைக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் சாப்பிட்டான், தூங்கினான், வேலைக்கு வந்தான்.

கண்ணாடி பொருத்தும் சின்னக்கண்ணு சேதராப்பட்டுக்காரர், ஐம்பது வயதுக்காரர். சிலிகான் பசை பூசிய விரலை வேட்டியில் துடைத்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், சாயங்காலமானா இதுக்குள்ளாற இருந்து, தூக்கத்துல பெனாத்துற மாதிரி, பொம்பளக் கொரலு கேக்குது. வளைஞ்ச கண்ணாடியாச்சே, அந்தக் கோடில பேசனா இந்தக் கோடில கேக்கும்னு வுட்டுட்டேன். ஆனா அந்தக் கோடில ஆளே இல்ல சார்."

அவர் போன பிறகு புருஷோத்தமன் தடுப்பின் ஒரு நுனியில் நின்றான். சிலிகானின் புளித்த காடி வாசனை மூக்கைக் கரித்தது. மேற்கு ஜன்னல் வழியே வந்த கடைசி வெயில் வளைவின் மேல் வழிந்து, போகப் போகப் பச்சையாகி, மறுநுனியில் இருட்டில் முடிந்தது. கடல் பாறையில் மோதும் சத்தமும், தெருவில் போன சைக்கிள் மணியும், தேவாலயத்தில் யாரோ ஆர்மோனியம் பழகுவதும் கண்ணாடியைத் தொட்டு வட்டமிட்டு அவன் காதுக்கு வந்தன. அவற்றின் அடியில், மிக அருகில், தூக்கத்தில் முனகுவதுபோல ஒரு குரல்.

"புருஷ்?"

அவன் கண்ணாடியில் காதை வைத்தான். பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பெரியதாக வேறொன்றும் இருந்தது.

"ஜோசி?"

"வுய்..." என்றாள், தூக்கக் கலக்கத்தில் 'ஆமாம்' என்பதை எப்போதும் பிரெஞ்சில் சொல்வதுபோல. "எங்க இருக்க நீ?"

கம்பெனிக்காரர்களுக்கு போன் செய்து, வளைவு சரியாக உட்காரவில்லை, சில நாள் பொறுங்கள் என்றான். அதன்பின் தினமும் சாயங்காலம் சின்னக்கண்ணுவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கண்ணாடியில் கன்னம் பதித்து உட்கார்ந்தான். வீட்டில் துளசி பட்டுப்போனதைச் சொன்னான். அவளுடைய நீலப் புடவையைத் தலையணைக்கு உறையாகப் போட்டிருப்பதைச் சொன்னான். அவள் முதலில் "ம்" கொட்டினாள். பிறகு கேள்வி கேட்டாள். ஒருநாள் சிரித்தாள். அந்த இரவு அவன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனான்.

மறுநாள் அவள், "அந்த லைட்ட அணையேன், கண்ணு கூசுது" என்றாள்.

கூடத்தில் விளக்கே இல்லை. ஆஸ்பத்திரியில்தான் அப்படிச் சொல்வாள்.

"ஜோசி, இங்க லைட் இல்லம்மா."

"இருக்கு. நீ பேச ஆரம்பிச்சதுலேர்ந்து எரியுது." அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் கண்ணாடி முழுவதும் ஓடி அவன் கன்னத்துக்குள் நறநறத்தது. "நான் தூங்கிட்டுதான் இருந்தேன் புருஷ். நல்லா. ஒண்ணுமே தெரியாம. நீ கூப்ட்டு எழுப்பிட்ட."

"ஜோசி..."

"வலிக்குது."

அவன் கண்ணாடியிலிருந்து கன்னத்தை எடுத்தான். வாயைப் பொத்திக்கொண்டான். இனி பேசக் கூடாது. பேசாவிட்டால் தூங்கிவிடுவாள். பின்னால் நகர்ந்து, சாமான் மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, மூச்சைக்கூட அடக்கினான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

அவள் தூங்கவில்லை.

"புருஷ், போயிட்டியா? நர்ஸக் கூப்பிடு. ஊசி போடச் சொல்லு. புருஷ்..."

வளைவின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்குக் குரல் போனது. அங்கிருந்து திரும்பி வந்தது. ஒதுங்க ஒரு மூலை இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாடி நடுங்கியது. அவன் காதைப் பொத்தினான். எலும்பில் கேட்டது. அவனுக்குத் தெரிந்த கத்தல்தான். குரல் போகும்வரை கத்தியது. பிறகு குரலில்லாமல் கத்தியது.

சின்னக்கண்ணுவின் பை சுவரோரம் இருந்தது. அதில் சுத்தியல்.

உடைத்தால் விட்டுவிடும். அது மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது. அவளைப் பிடித்து வைத்திருப்பது இந்த வளைவு. இது போனால் அவளும் போவாள். போகட்டும். தூங்கட்டும். தனக்கு இனி எதுவும் வேண்டாம்.

"மன்னிச்சிடும்மா" என்றான்.

ஓரத்தில் அடித்தான். ஒரு அடி.

அரைவட்டம் முழுவதும் ஒரு நொடி வெள்ளையாக நின்றது. பிறகு சடசடவென்று உதிர்ந்தது. கார்க் கண்ணாடி உடைவதுபோல, கல்கண்டு கொட்டியதுபோல, கூடமெங்கும் சின்னச் சின்னத் துண்டுகள் ஓடிப் பரவின. கடைசித் துண்டு உருண்டு நின்றது.

அமைதி.

கடல் சத்தம் மட்டும். புருஷோத்தமன் குவியலின் நடுவே உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. "தூங்கு" என்று முணுமுணுத்தான். "தூங்கு ஜோசி."

சட்டைப் பைக்குள் விழுந்திருந்த ஒரு துண்டு சொன்னது, "புருஷ்."

அவன் அசையவில்லை.

காலருகே ஒன்று. "வலிக்குது." தலைமயிருக்குள் ஒன்று. வாசற்படியில் ஒன்று. பிறகு நூறு. பிறகு எண்ண முடியாத அளவு. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் முழு வலியோடு, ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காமல், தன்னந்தனியாக அவனைக் கூப்பிட்டது.

"இன்னா சார், இன்னா ஆச்சு?" சின்னக்கண்ணு டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். செருப்புக் கால் துண்டுகளின் மேல் பட்டது. நறுக்கென்றது. அதன் அடியிலிருந்து வந்த அலறலில் அவர் அப்படியே உறைந்து நின்றார்.

"காலு! கால எடுக்காதீங்க! ஐயோ, அழுத்தாதீங்க!" என்று புருஷோத்தமன் கதறினான்.

மண்டியிட்டுத் தவழ்ந்தான். கைவிரல்களில் ரத்தம் வழிய, ஒவ்வொரு துண்டாக, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் எடுத்து மடியில் வைத்தான். எடுத்தவையும் கத்தின. எடுக்காதவையும் கத்தின. கூடம் முழுக்க, சுவருக்குச் சுவர், தெருவிளக்கு வெளிச்சத்தில் தரை மினுமினுத்துக்கொண்டிருந்தது.