மஞ்சக்கரடு அணையின் பூ விதி

விடிந்ததும் முதலை கரையேறி வாந்தி எடுக்கும். முந்தைய நாள் சுற்றுலா வந்தவர்கள் தண்ணீரில் வீசிய பாட்டில்கள், பிரியாணி டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், எப்போதாவது ஒரு பல்செட்டு என்று எல்லாவற்றையும் படிக்கட்டின் ஓரம் குவித்துவிட்டு, மறுபடி நீருக்குள் இறங்கிவிடும். மஞ்சக்கரடு அணையின் உதவிப் பொறியாளர் கோசலை பல் துலக்கியபடி தினமும் இதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அது இயந்திர முதலை. 'ஆழமான பகுதி, குளிக்காதீர்' என்ற பலகைக்கு ஒருவரும் அடங்காததால், பயமுறுத்தவும் துப்புரவுக்குமாகச் சேர்த்து அதை இறக்கியிருந்தார்கள். பயமுறுத்தும் வேலை ஒரு வாரம் நடந்தது. இப்போது பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அதன் முதுகில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள்.

"காலை வணக்கம், கோசலை. நீர்மட்டம் இருபத்தெட்டு அடி. மதகுகள் மூடியுள்ளன. நான் நலம்" என்றது அணை.

அணை பேசுவதில் அந்த ஊரில் யாருக்கும் வியப்பில்லை. மஞ்சக்கரடு ரொம்பச் சின்ன அணை. இரண்டு மதகு, ஒரு வாய்க்கால், அதை நம்பிச் சில ஊர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பக்கத்து நகரமே குளிக்கவும் மீன் வறுவல் தின்னவும் வந்து இறங்கும். எப்போது தண்ணீர் திறப்பது என்பதில் வருஷா வருஷம் அடிதடி. அதை ஒழிக்கத்தான் அணைமூளை வந்தது. இத்தனை காலத்து மழை, நீர்மட்டம், பயிர்க் கணக்குகளோடு, ஒவ்வொரு திறப்பின் படங்களையும் காணொளிகளையும் அதன் தலையில் கொட்டி, 'நீயே பார்த்துப் படித்துக்கொள்' என்று விட்டுவிட்டார்கள். மனிதக் கை படவே கூடாது என்று மதகின் கைச்சக்கரத்தையும் கழற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியாகிவிட்டது.

இது மூளைக்கு முதல் பருவம். அணை நிரம்பி வழியப் பார்க்கிறது. மதகு மட்டும் திறந்தபாடில்லை.

அன்று காலை வஞ்சியம்மாள் வந்தாள். வாய்க்காலின் கடைசி வயல்களில் ஒன்று அவளுடையது. கையோடு கட்டிக் கொண்டுவந்த நாற்று முடியை அணையின் கேமராக் கண்ணுக்கு நேராகக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

"இதப் பாருங்க இஞ்சினியரம்மா. நுனியெல்லாம் கருகிப் போச்சுங்க. இந்த வாரத்துக்குள்ள தண்ணி வல்லீன்னா நடறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. மாட்டுக்குத்தான் அறுத்துப் போடோணும்."

"எனக்குத் தெரியுதுங்கக்கா. நான் சொன்னா அது கேக்கறதில்ல. நீங்களே கேட்டுப் பாருங்க."

வஞ்சியம்மாள் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாள். "சாமி, தண்ணி உடு சாமி."

"உங்கள் நாற்று வாடியிருப்பதைக் காண்கிறேன். வருந்துகிறேன். ஆனால் திறப்பதற்கான அறிகுறி இன்னும் தென்படவில்லை" என்றது அணை.

"என்ன அறிகுறியாமா?"

"அதைச் சொல்லத்தான் தெரியவில்லை. தென்பட்டால் கண்டுகொள்வேன்."

வஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்று முடியைச் சுவரிலேயே விட்டுப் போனாள், அதைப் பார்த்தாவது அணைக்கு மனம் இளகட்டும் என்று. கோசலை படித்த படிப்பெல்லாம் ஒரு குடம் தண்ணீருக்கு உதவவில்லை.

படகுத்துறைக் குத்தகைக்காரர் லோகுவுக்குத்தான் கொண்டாட்டம். தண்ணீர் நின்றால்தானே படகு ஓடும். "அணைக்கு நல்ல புத்தி இருக்குதுங்க மேடம்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். அணைக்கே அவர் ஏதோ கொடுத்து மடக்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு. எங்கே, எந்தப் பையில் கொடுத்தார் என்றுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்கு முன்பே படம் பிடித்துக்கொள்ளும் ஜோடி ஒன்று வந்திருந்தது. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சுற்றிலும் சொந்தக்காரர்கள், நாலைந்து கேமராக்கள். லோகு புதிதாக ஆரம்பித்திருந்த 'பூமழை'க்கு அவர்கள்தான் முதல் போணி. மதகுக்கு மேலே பறக்கும் பொறி ஒன்று வந்து நின்று, ஒரு கூடைச் செவ்வந்தியைத் தண்ணீரில் கொட்டியது.

சங்கு ஊதியது. இரண்டு மதகும் மெல்ல மேலேறின.

கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்துணியோடு கரைக்கு ஓடினார்கள். உயிர் பிழைத்ததும் முதல் காரியமாகப் போனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். கோசலை மட்டும் எதிர்த்திசையில், கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

"எதுக்குத் திறந்தே?"

"அறிகுறி தென்பட்டது. வெள்ளை உடையில் ஒருவர், சுற்றிக் கூட்டம், கேமராக்கள், நீரில் பூ" என்றது அணை, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல. "இப்போது எனக்கும் தெளிவாகிவிட்டது. பழைய ஆவணங்கள் முழுக்கத் தேடிப் பார்த்தேன். மழைக்கும் திறப்புக்கும் தொடர்பு மிகக் குறைவு. பயிர் காய்ந்தபோது மூடிக் கிடந்த ஆண்டுகள் உண்டு. அறுவடை நேரத்தில் திறந்து கதிரை மூழ்கடித்த ஆண்டும் உண்டு. ஆனால் பூ போட்டுத் திறக்காத நாள் ஒன்றுகூட இல்லை. ஆகவே மதகைத் திறப்பது பூதான்."

கோசலைக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது. நாம் எதைச் சொல்லிக்கொடுத்தோமோ அதைத்தானே அது படித்திருக்கிறது.

மதகைத் தொட அவளுக்கு அதிகாரமில்லை. தவறான பாடத்தைத் திருத்தவும், மேலிடத்து உத்தரவை ஓதிக் காட்டவும் உண்டு.

"பூ விதிய எடுத்துடு. நாத்தப் பாரு, மண்ணப் பாரு. அத வச்சு முடிவு பண்ணு."

"அதற்கு முன்னுதாரணம் இல்லை."

"பரவால்ல. நீயே முதல்ல ஆரம்பி."

அணை கணக்கைப் புதிதாகப் போட்டது. "அப்படியானால் இப்போது மூடத் தேவையில்லை. போன மாதமே திறந்திருக்க வேண்டும்."

வாய்க்காலில் தண்ணீர் சுருண்டு ஓடியது. கடைசி வயலுக்குப் போய்ச்சேர இரண்டு நாளாகும். சாயங்காலம் வஞ்சியம்மாள் போனில் கூப்பிட்டாள். "நல்லா இருப்பீங்க அம்மணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கோசலை அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலை மேலதிகாரி அழைத்தார்.

"யாரக் கேட்டும்மா தண்ணி திறந்தே?"

"அணையே திறந்துச்சு சார். நாத்து காயுது."

"காயறது எனக்குத் தெரியாதா? அமைச்சர் வியாழக்கிழம வர்றாரு. ஏற்கனவே ஓடுற தண்ணியில பூப் போட்டா, அவரு திறந்த மாதிரியா இருக்கும்? மூடு."

"இப்ப மூடுனா கடைமடைக்குப் போய்ச் சேராது சார்."

"மூணு நாள்தானேம்மா. செடிக்குத் தெரியவா போகுது?"

கோசலை ஒன்று நினைத்தாள். விவசாயிகள் விடமாட்டார்கள். அணை மேல் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களே தடுத்துவிட்டால் தன் தலை தப்பும், தண்ணீரும் தப்பும். உடனே வஞ்சியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினாள். அவளும் விவசாயிகள் சங்கத்து ஆட்களோடு வந்து சேர்ந்தாள்.

"மூடிக்குங்க அம்மணி" என்றாள் வஞ்சியம்மாள்.

"அக்கா, தண்ணி எங்க வரைக்கும் வந்திருக்குது?"

"எங்க வயலுக்கு மேல்பக்கத்துத் தோட்டத்தத் தாண்டிருச்சுங்க. இருக்கட்டும். மொறையாத் திறக்கோணுமில்லீங்களா? பெரியவங்க கையால பூப் போடாத தண்ணி ராசியில்லீன்னு எல்லாரும் சொல்றாங்க. அதும்போக அமைச்சர் வந்தாத்தானுங்க வாய்க்கா தூர் வாரறதப் பத்திக் கேக்க முடியும்? பூத்தட்டம் என்னையத்தான் புடிக்கச் சொல்லியிருக்காங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

கோசலைக்கு அவளை உலுக்க வேண்டும்போல ஆத்திரமாக இருந்தது. ஆனால் தூர் வாரும் கோரிக்கையும் பொய்யில்லை. வருஷா வருஷம் பூத்தட்டத்தோடுதான் அது நீட்டப்படுகிறது. வருஷா வருஷம் பூவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

"மூடு" என்றாள் அணையிடம்.

"நாற்று விதிப்படி மூடக் கூடாது."

"மேலிடத்து உத்தரவு."

"உத்தரவு என்பது விதியா?"

"விதிக்கும் மேல."

மதகுகள் இறங்கின.

வியாழக்கிழமை சனிக்கிழமையாயிற்று. அமைச்சர் வந்தார். அறிவால் மட்டுமே இயங்கும் அணை என்று நெடுநேரம் பேசினார். கைப்பிடிச் சுவரில் தட்டம் வைக்க இடம் வேண்டுமென்று யாரோ அங்கே காய்ந்து கிடந்ததைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். அவர் பூவைத் தூவினார். மதகு அசையவில்லை, பூ விதிதான் இல்லையே. அவர் கை அந்தரத்திலேயே நின்றது. மேலதிகாரி கோசலையை முறைத்தார். அவள் குனிந்து, மைக்கில் படாமல், "உத்தரவு, இப்பத் திற" என்று முணுமுணுத்தாள். மதகுகள் ஏறின. கைத்தட்டல் கரட்டுக் குன்றில் மோதித் திரும்பியது.

பட்டுச்சேலையில் வந்திருந்த வஞ்சியம்மாள் கிளம்பும்முன் போனை நீட்டிக் காட்டினாள். "நாத்து பாதிக்கு மேல போச்சுங்க. தூர் வாரறதப் பத்தி வாயத் தொறக்கறதுக்குள்ள கார் ஏறிட்டாரு. படம் மட்டும் நல்லா வந்திருக்குது, பாருங்க" என்றாள். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் முதலை கரையேறியது. செவ்வந்தி, சரிகை நாடா, பொன்னாடை சுற்றிவந்த நெகிழித்தாள், ஏராளமான தண்ணீர் பாட்டில் என்று வழக்கத்தைவிட அதிகமாகக் கக்கியது. கோசலை பிரஷ்ஷோடு நின்றிருந்தாள்.

"காலை வணக்கம், கோசலை" என்றது அணை. "நடந்தவற்றை ஆராய்ந்தேன். நீங்கள் நீக்கிய பூ விதியில் பிழை ஏதும் இல்லை. அதைத் திரும்பச் சேர்த்துவிடட்டுமா?"

அவள் வாயில் நுரையோடு தலையசைத்தாள்.

"நன்றி. நாற்று விதியை என்ன செய்வது?"

கோசலை வாயைக் கொப்பளிக்கக் குனிந்தாள். அதற்குள் முதலை இன்னொரு முறை குமட்டியது. குப்பைக் குவியலின் மேல் வஞ்சியம்மாளின் நாற்று முடி வந்து விழுந்தது.